சின்ன எழுத்தில் மூன்று எழுத்து

போன மாதம் ஒரு ஸ்கூட்டர் வாங்கினேன். ஐம்பது சிசி, சிவப்பு கலர். இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஆக்லாந்தில் புது வண்டி வாங்கப் போகிற யாருக்காவது நான் பட்ட பாடு உபயோகப்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது மவுண்ட் ராஸ்கிலில். எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை, காலை ஷிஃப்ட் ஏழு மணிக்கு. என் கணவருக்கு ஆல்பனியில் வேலை, நேர் எதிர்த் திசை. ஒரே கார். என்னை ஆறு மணிக்கே இறக்கிவிட்டுப் போவார். பூட்டின கதவுக்கு வெளியே, குளிரில், தினமும் முக்கால் மணி நேரம் நிற்பேன். இன்னொரு கார் கட்டுப்படியாகாது. ஐம்பது சிசிக்குள், ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓடுகிற வண்டி என்றால் இங்கே கார் லைசென்ஸே போதும். வாரண்ட் ஆஃப் ஃபிட்னஸ் எடுக்க வேண்டாம். டொமினியன் ரோட்டில் பஸ் லேனிலும் போகலாம். மோட்டர்வேயில் மட்டும் ஏறக்கூடாது. மதுரையில் காலேஜுக்கு ஸ்கூட்டி ஓட்டிப் போனவளுக்கு இது போதாதா?

வார இறுதி ஷிஃப்ட் பார்த்து 3,400 டாலர் சேர்த்து வைத்திருந்தேன். கடையில் விலை அட்டையில் 2,990 என்று போட்டிருந்தது. ஹெல்மெட் வாங்கியும் மிச்சம் இருக்கும் என்று சந்தோஷமாகப் போனேன். விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் 'ப்ளஸ் ஓ.ஆர்.சி.' என்று இருந்ததை நான் பார்க்கவே இல்லை. ஆன் ரோட் காஸ்ட்ஸ். விற்பனையாளர் ஒரு தாளை நீட்டினார். ஓ.ஆர்.சி. 595, டாக்குமெண்ட் கட்டணம் 95, பெயிண்ட் பாதுகாப்புப் பூச்சு 180. மொத்தம் 3,860.

யோசிச்சு சொல்றேன் என்று வெளியே வந்துவிட்டேன். ஏன் என்று கேட்க வாய் வரவில்லை.

வீட்டில் சொன்னதும் அவர் முகம் மாறிப்போனது. "இங்கல்லாம் பேரம் பேச மாட்டாங்கம்மா. விட்டுரு." அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இந்த நாட்டுக்கு வந்த முதல் மாதம் கார் வாங்கினோம். எதற்கென்று புரியாமலேயே ஒரு கூடுதல் வாரண்டிக்கும் கையெழுத்துப் போட்டு, ஆயிரத்துக்கு மேல் கட்டினோம். கடைக்காரரிடம் வாங்குகிற பொருள் சரியாக இருக்க வேண்டும் என்று 1993-இன் நுகர்வோர் உத்தரவாதச் சட்டமே சொல்கிறது, அப்படிப்பட்ட வாரண்டியை ஐந்து வேலை நாளுக்குள் ரத்தும் செய்யலாம் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து எந்தக் கடையிலும் அவர் ஒரு கேள்வி கேட்டதில்லை. ஏமாந்ததைவிட, கேட்காமல் விட்டதுதான் அவரை அரித்தது. அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அன்று ராத்திரி வாட்ஸப்பில் அம்மாவிடம் புலம்பினேன். அம்மா சிரித்தாள். "உங்கப்பா டிவிஎஸ் ஃபிஃப்டி எடுக்கப் போனப்ப, சீட் கவருக்கு எதுக்குய்யா தனிக் காசுன்னு ஒரு மணி நேரம் நின்னாரு. கேட்டா குறையுமோ குறையாதோ, கேக்காட்டி குறையவே குறையாதுடி."

ஊரிலும் இதே கதைதானே? எக்ஸ்-ஷோரூம் விலை ஒன்று, ஆன்-ரோடு விலை இன்னொன்று. ரோடு டாக்ஸ், இன்சூரன்ஸ் போக 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ஒரு வரி எங்கிருந்தோ வந்து உட்காரும். இங்கே இன்சூரன்ஸ் கட்டாயம் இல்லை. விபத்தில் நமக்கு அடிபட்டால் ஏசிசி பார்த்துக்கொள்ளும். அதற்கான பணத்தையும் ரெகோவோடு சேர்த்து வாங்கிவிடுவார்கள். மற்றபடி தாளும் வரியும் அதே ஜாதிதான்.

சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். பஸ்ஸில் ஒரு வாக்கியத்தை மனதுக்குள் பத்து தடவை சொல்லிப் பார்த்தேன்: "எல்லாம் சேர்த்து, வண்டியை ஓட்டிக்கொண்டு வெளியே போக எவ்வளவு?" அதைக் கேட்டுவிட்டு, 595-இல் என்னென்ன இருக்கிறது, வரிவரியாக எழுதிக் கொடுங்கள் என்றேன். குரல் நடுங்கியது. மகள் மேஜைக்கடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் கோபப்படவில்லை. எழுதினார். பதிவு, நம்பர் பிளேட், ஒரு வருட ரெகோ: இது அரசுக்குப் போவது, மொத்தத்தில் பாதிகூட இல்லை. பிறகு துறைமுகத்திலிருந்து கொண்டுவர வண்டிக்கூலி. பெட்டியைப் பிரித்து, பாட்டரி, கண்ணாடி மாட்டி, பிரேக் சரிபார்க்க மெக்கானிக்கின் கூலி. அந்தக் கூலியை நான் குறைக்கச் சொல்லவில்லை. மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவள் நான். ஒருத்தர் முடுக்குகிற பிரேக்கை நம்பித்தானே நானும் ஓட்டப் போகிறேன்?

"இந்த டாக்குமெண்ட் கட்டணம் எதுக்கு? பதிவுக்குத்தான் மேலே போட்டிருக்கீங்களே?" என்றேன். பேனாவால் அடித்தார். பெயிண்ட் பூச்சு வேண்டாம் என்றேன். அதையும் அடித்தார். 3,585. இன்னும் என் கைக்கு எட்டவில்லை.

அப்போது மகள் மூலையில் நின்ற சிவப்பு வண்டியைக் காட்டினாள். போன வருடத் தயாரிப்பு, அதே மாடல், ஓடாத வண்டி. "இதுன்னா எல்லாம் சேர்த்து 3,200-க்குத் தருவீங்களா?" உள்ளே போய் மேனேஜரிடம் பேசிவிட்டு வந்தார். 3,250. மிச்சம் 150-க்கு ஒரு ஹெல்மெட். கணக்கு சரியாக முடிந்தது.

கையெழுத்துப் போடும்போது, "இப்படிக் கேட்டதுக்குத் தப்பா நினைச்சுக்காதீங்க" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "எல்லாரும் கேக்கறதுதான்" என்றார். அவ்வளவுதான். இத்தனை வருடமாக, கேட்பது அநாகரிகம் என்று நாங்களாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

போகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். விலை அட்டையைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். பிரித்து எழுதி வாங்குங்கள். உழைப்புக்குப் போகிற காசில் கை வைக்காதீர்கள், பெயருக்குப் போட்ட வரியை விடாதீர்கள். கையெழுத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி தூங்குங்கள்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பில்லை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"ஓ.ஆர்.சி. எங்க?"

"உள்ளேயே இருக்குங்க."

பில்லை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்: "அடுத்து கார் மாத்தறப்போ நீதான் பேசணும். நான் பக்கத்துல நிக்கிறேன்."

இப்போது நான் வீட்டிலிருந்து கிளம்புவது ஆறே முக்காலுக்கு.