'கட்' சொல்லாத 11 விநாடி

2017 கோடையில் ஒரு நடிகையை நிஜமாகவே பயமுறுத்திப் படம் பிடித்தேன். அவருக்குத் தெரியாமல், திட்டம் போட்டுச் செய்தேன். அவருடைய இடது கை பாழானது. படமும் வெளிவரவில்லை. கலைக்காகச் செய்தேன் என்று கொஞ்ச காலம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது பொய். அகந்தையில் செய்தேன். எனக்குத் தொழில் தெரியாது என்பது வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் செய்தேன்.

வீடு புகுந்து கொல்லும் கதை. உள்ளே தனியாக ஒரு பெண், வெளியே முகமூடி போட்ட ஒருவன், ஒரே ராத்திரி. காசில்லாதவனுக்குத் தோதான வகை இது. 1978-இல் ஜான் கார்ப்பென்டர் 'ஹாலோவீன்' எடுத்தபோது கையில் இருந்தது சுமார் 3 லட்சம் டாலர். ஷூட்டிங் சுமார் 20 நாள். கொலைகாரனின் முகமூடி கடையில் இரண்டு டாலருக்கும் குறைவாக வாங்கியது. 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கேப்டன் கிர்க், அதாவது வில்லியம் ஷாட்னரின் முகம். கண் ஓட்டையைப் பெரிதாக்கி வெள்ளை பெயின்ட் அடித்தார்கள். கதை நடப்பது இல்லினாயில், இலை உதிரும் காலத்தில். எடுத்ததோ கலிஃபோர்னியாவில், வசந்தத்தில். ஆகவே பெயின்ட் அடித்த இலைகளைத் தெருவில் கொட்டினார்கள். ஷாட் முடிந்ததும் கூட்டி அள்ளி, அடுத்த தெருவில் மறுபடி கொட்டினார்கள். உலகம் முழுக்க வசூல் 7 கோடி டாலர் அளவுக்குப் போனது.

இதெல்லாம் எனக்கு மனப்பாடம். அசிஸ்டென்ட் பையன்களை உட்காரவைத்துச் சொல்லுவேன். இலைக் கதைக்கு எப்போதும் சிரிப்பு கிடைக்கும். அதே படத்தில் எனக்குத் தெரிந்த இன்னொரு விஷயத்தை மட்டும் அவர்களிடம் சொன்னதில்லை. ஜேமி லீ கர்ட்டிஸுக்கு அப்போது 19 வயது, அதுதான் முதல் சினிமா. காட்சிகளை வரிசை மாற்றி எடுத்தார்கள். அதனால் கார்ப்பென்டர் ஒரு பய அளவுகோல் வைத்திருந்தார். இந்தக் காட்சிக்கு இவ்வளவு பயம், அந்தக் காட்சிக்கு அவ்வளவு என்று முன்கூட்டியே அந்தப் பெண்ணுக்குச் சொல்லிவிடுவார். இது சுவாரசியமில்லாத தகவல் என்று நினைத்தேன். டைரக்டர் என்றால் ஆட்களை ஆட்டிவைப்பவன் என்று நம்பியவனுக்கு அது அப்படித்தான் தோன்றும்.

முடிச்சூர்ப் பக்கம் என் பெரியம்மாவின் வீட்டில் ஷூட்டிங். பெரியப்பா போன பிறகு அவர் தனியாக இருந்தார். "உன் வீடுடா, எடுத்துக்கோ" என்றார். பணம் போட்டவர் ஒரு நண்பர். முதல் வாரத்து ரஷ் பார்த்துவிட்டு, "சீரியல் மாதிரி இருக்கேப்பா, பயமே வரலையே" என்றார். நான் யோசிக்கக்கூட இல்லை. "ஆர்ட்டிஸ்ட்கிட்ட பயம் வரலைங்க, நான் வரவைக்கிறேன்" என்றேன்.

பயம் வராததற்கு நடிகை காரணமில்லை. பின்கட்டுக் கதவு எங்கே இருக்கிறது, மாடிப்படி எங்கே போய் முடிகிறது, அடுப்படியில் நின்றால் ஹாலில் எதெல்லாம் தெரியும் என்று பார்ப்பவனுக்கு நான் ஒரு ஷாட்டிலும் காட்டவில்லை. வீட்டின் அமைப்பு தெரியாதவனுக்கு, அதற்குள் எவன் நுழைந்தால் என்ன? மைக் ஃப்ளானகனின் 'ஹஷ்' (2016) செலவு சுமார் 10 லட்சம் டாலர்தான். காட்டுக்குள் ஒரு வீடு, காது கேளாத, பேச முடியாத ஒரு எழுத்தாளர், ஒரு கொலைகாரன். ஃப்ளானகனும் நாயகியாக நடித்த கேட் சீகலும் தங்கள் வீட்டுக்குள்ளேயே நடந்து பார்த்து, கதவு கதவாகத் திரைக்கதை எழுதியவர்கள். அதனால்தான் எந்த ஜன்னல் திறந்தாலும் அது எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிகிறது. முதல் கொலையைப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பெண் கண்ணாடிக் கதவை ரத்தக் கையால் அடி அடியென்று அடிக்கிறாள். உள்ளே நாயகி நமக்கு முகம் காட்டி அடுப்படியைச் சுத்தம் செய்கிறாள். கேட்கவில்லை. திரும்பவில்லை. நடுவில் ஒரு கண்ணாடி, அவ்வளவுதான் செலவு.

இதை அப்போதே பார்த்திருந்தேன். இரண்டு முறை பார்த்தேன் என்று பெருமை வேறு.

இனி சொல்லப்போவதுதான் எழுதக் கூசுவது. அந்த நடிகை ஒரு நாடகக் குழுவிலிருந்து வந்தவர். பகலில் ஒரு அலுவலகத்தில் வேலை. தேர்வுக்கு வந்த அன்று, கதையைக் கேட்டுவிட்டு, அவராகவே ஒன்றைச் சொன்னார். முன்பு வாடகை அறையில் தனியாக இருந்தபோது ஒரு ராத்திரி யாரோ ஒருவன் தாழ்ப்பாளை நெம்பி உள்ளே வந்துவிட்டான். கூச்சல் போட்டதில் ஓடிவிட்டான். "அதனால இருட்டுல மட்டும் கொஞ்சம் முன்னாடியே சொல்லிடுங்க சார்" என்றார். நான் தலையாட்டினேன். அவரைத் தேர்ந்தெடுத்ததே அதைக் கேட்ட பிறகுதான். நல்ல நடிகை என்பது இரண்டாவது காரணம்.

அன்று எடுக்க வேண்டியது சாதாரணக் காட்சி. அவர் அடுப்படிக்கு வருகிறார், பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடிக்கிறார், போகிறார். முகமூடிக்காரன் அந்த ஷாட்டில் கிடையாது என்று சொல்லியிருந்தேன். அவன் இல்லாமலேயே ரிகர்சலும் பார்த்தோம். பிறகு முகமூடிப் பையனைத் தனியே கூப்பிட்டேன். "ஸ்டோர் ரூம்ல நில்லு. தண்ணி குடிக்கும்போது பின்னாடி வந்து வாயைப் பொத்தி இழு" என்றேன். "சொல்லிட்டீங்களாண்ணே?" என்று கேட்டான். சொல்லிவிட்டேன் என்றேன். லைட்பாயிடம், நான் கை காட்டியதும் மெயினை ஆஃப் பண்ணச் சொன்னேன். கேமராமேனுக்கு மட்டும் உண்மை தெரியும். அவர் வேண்டாம் என்றார். "டைரக்டர் யாருங்க?" என்று கேட்டேன். அவர் வாயை மூடிக்கொண்டார்.

மெயின் போனது. பையன் இழுத்தான். அவர் நிலைதடுமாறிப் பின்னால் சாய்ந்தார். அடுப்படித் தரையில், சுவரோரம், பெரியம்மாவின் அரிவாள்மணை இருந்தது. அதை ஓரங்கட்ட வேண்டும் என்று காலையிலேயே நினைத்து, மறந்தவன் நான். ஊன்றிய கை அதன்மேல் விழுந்தது. அவர் போட்ட சத்தம் எந்த நாடகத்திலும் நான் கேட்காத சத்தம். பையன் பயந்து கையை எடுத்துவிட்டான். மானிட்டரில் ரத்தம் கறுப்பாகத் தெரிந்தது. ரத்தம் என்று எனக்குப் புரிந்தது. நான் 'கட்' சொல்லவில்லை. கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் ஓடட்டும் என்று நினைத்தேன். கடைசியில் கேமராமேன்தான் கேமராவை விட்டுவிட்டு ஓடினார். எடிட்டிங்கில் பார்த்தபோது எண்ணினேன். ரத்தம் தெரிந்ததிலிருந்து அவர் ஓடிய வரைக்கும் 11 விநாடி.

மருத்துவமனையில், "வீட்டுல வழுக்கி விழுந்துட்டாங்க" என்று நான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். மறுத்துப் பேசவில்லை. இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் இன்று வரை முழுதாக மடங்குவதில்லை. நாடகத்தை விட்டுவிட்டார். வெளிச்சம் போய் மேடை இருட்டாகும் அந்த நேரம் தன்னால் முடியவில்லை என்று குழுவில் சொன்னாராம். குழுவுக்கு அவர் இடத்தில் வேறு ஆள் கிடைத்தது. அவருக்கு வேறு மேடை கிடைக்கவில்லை. பெரியம்மா தரையைத் துடைத்தபடி, "அந்தப் பொண்ணுக்குத் தெரியாதாடா?" என்று மட்டும் கேட்டார். பிறகு பின்கட்டுக்குக் கிரில் கேட் போட்டார். இருட்டின பிறகு அவர் அடுப்படிக்குப் போவதில்லை. தண்ணீரைச் சாயங்காலமே சொம்பில் பிடித்துக் கட்டிலருகே வைத்துக்கொள்கிறார். முகமூடி போட்ட பையன் என்னோடு பேசுவதில்லை. அவன் கையைக் குற்றக் கையாக ஆக்கியவன் நான்.

இவ்வளவுக்கும் கிடைத்த ஷாட் எப்படி? உதவாத ஷாட். இதைச் சொல்வது பரிகாரமாக அல்ல. இந்த வகைப் படம் எப்படி வேலை செய்கிறது என்று நான் புரிந்துகொண்டது அந்தக் குப்பையைப் பார்த்துத்தான். திரை இருட்டாகிறது, ஒரு அலறல், ஒலி உடைந்து கரகரக்கிறது, யாரோ ஃப்ரேமை விட்டு வெளியே விழுகிறார்கள். பார்ப்பவனுக்கு ஒன்றும் தெரிவதில்லை. பயப்பட நேரமே இல்லை. உண்மையான பயத்துக்குக் கேமரா எங்கே இருக்கிறது என்று தெரியாது.

2008-இல் வந்த 'தி ஸ்ட்ரேஞ்சர்ஸ்' படத்தை எடுத்த பிரையன் பெர்ட்டினோவுக்கு அது முதல் படம். 90 லட்சம் டாலரில் எடுத்தது, 8 கோடிக்கு மேல் சம்பாதித்தது. அதில் லிவ் டைலர் வீட்டுக்குள் தனியாக நிற்கிறார். பின்னால் இருட்டிலிருந்து சாக்கு முகமூடிக்காரன் வருகிறான். வந்து, நிற்கிறான். இசை திடுக்கிடவில்லை. கேமரா அவனை நோக்கி ஓடவில்லை. அவர் தன் பாட்டுக்கு இருக்கிறார். நம் கண் மட்டும் அவரைத் தாண்டிப் பின்னால் போகிறது. திரும்பும்மா என்று நமக்குக் கத்தத் தோன்றுகிறது. தனக்குப் பின்னால் ஒருவன் நிற்பது பாத்திரத்துக்குத்தான் தெரியாது. நடிகைக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததனால்தான் அவனுக்கு இடம் விட்டு, அந்த நேரத்துக்கு அந்த இடத்தில், ஒன்றும் தெரியாதவர்போல் நிற்க முடிகிறது. 'ஹாலோவீன்' மாடி வராந்தாவிலும் அதுதான். கர்ட்டிஸ் அழுதபடி சாய்ந்திருக்கிறார். பக்கத்து வாசலின் கும்மிருட்டில் அந்த வெள்ளை முகம் மெதுமெதுவாகத் தெரிய ஆரம்பிக்கிறது. ஒளிப்பதிவாளர் டீன் கண்டி ஒரு சின்ன விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியதன் விளைவு அது. ஒரு விளக்கு, ஒரு டிம்மர், அசையாமல் நிற்க ஒரு ஆள். இதற்கு என்னிடமும் பணம் இருந்தது.

நான் செய்தது நேர் தலைகீழ். ரசிகனுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை அவனிடமிருந்து மறைத்தேன். நடிகையிடம் மறைக்கக் கூடாததையும் மறைத்தேன்.

என் ஷூட்டிங் நடந்து இரண்டு வருஷம் கழித்து அஷ்வின் சரவணனின் 'கேம் ஓவர்' வந்தது. புறநகரில் ஒரு வீடு, சக்கர நாற்காலியில் டாப்ஸி, துணைக்கு வினோதினி. நாயகிக்குப் பழைய பாலியல் வன்முறை ஒன்றின் நினைவு, இருட்டைக் கண்டால் மூச்சு முட்டும். கொலைகாரர்கள் வாசலுக்கு வரும் முன்பே அந்தப் பயத்தோடு நம்மைப் பழகவிடுகிறார் அவர். படம் முழுக்க அந்தக் காயத்தைப் பற்றியது. தியேட்டரில் என்னால் உட்கார முடியவில்லை. அதே போன்ற ஒரு காயம் என்னிடம் நம்பிக்கையோடு சொல்லப்பட்டிருந்தது. அதை நான் லைட், டிராலி மாதிரி ஒரு சாமானாக எடுத்துப் பயன்படுத்தினேன்.

இதோடு முடிந்தால்கூடத் தேவலை. நான் எடுத்த அந்தக் காட்சியை அழித்துவிடச் சொல்லி நடிகை செய்தி அனுப்பினார். அழித்துவிட்டேன் என்றேன். அழிக்கவில்லை. ஒரு பயிற்சிப் பட்டறையில் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினேன், 'ரியல் ஃபியர்' என்று பெயர் வைத்து. கைதட்டினார்கள். ஒரு பெண் மட்டும் எழுந்து, "அவங்க சம்மதிச்சாங்களா சார்?" என்று கேட்டாள். சம்மதித்தார் என்றேன். அன்று வீட்டுக்குப் போய்த்தான் ஹார்ட் டிஸ்க்கில் அழித்தேன். மனம் மாறி அல்ல. அந்தப் பெண் விசாரிப்பாளோ என்ற பயத்தில்.

இதை எழுதி முடித்து, அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்த நடிகைக்கு அனுப்பினேன். பெயர் வேண்டாம், மற்றதெல்லாம் போடலாம் என்று பதில் வந்தது. ஒரு திருத்தம் சொல்லியிருந்தார். என் பிரதியில் அடுப்படிக் காட்சியில் 'அவர் வழுக்கி விழுந்தார்' என்று இருந்திருக்கிறது. "வழுக்கவில்லை. அவன் இழுத்தான். நீங்கள் இழுக்கச் சொன்னீர்கள்" என்று எழுதியிருந்தார். மருத்துவமனையில் சொன்ன பொய் என்னை அறியாமலே இந்த வாக்குமூலத்திலும் புகுந்திருந்தது. மாற்றிவிட்டேன். அதற்குக் கீழே இன்னொரு வரி. ஆஸ்பத்திரி பில்லை நான் கட்டியது உண்மைதானாம், ஆனால் பேசின சம்பளத்தில் பாதி இன்னும் வரவில்லையாம். கணக்கைப் பார்த்தேன். வரவில்லைதான். பில் கட்டியதோடு என் கடன் தீர்ந்தது என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று மாலையே போட்டுவிட்டேன். வந்து சேர்ந்தது என்று ஒரு சொல் பதில் வந்தது.