நிறைத்து வைத்த தண்ணீர்

1998இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர்ப் பங்கீடு வந்தபோது நான் பள்ளி மாணவன். குழாய் வெறும் காற்றாய்ச் சீறும் நாள்களுக்காக அம்மா வாளி, தோம்பு, பானை என்று தொடங்கி கறிச்சட்டி வரை நிறைத்து வைப்பார். 2020 செப்டம்பரில் சுங்கை கோங்கில் கழிவு கலந்து, சிலாங்கூர் ஆற்றின் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் எங்களைக் காப்பாற்றியதும் அம்மாவின் பழக்கம்தான். அதே பழக்கம் நியூசிலாந்தில் என்னைக் கவிழ்த்தது.

ஜூலை மாதம் அங்கே குளிர்காலம் என்பது தெரிந்தேதான் கேம்பர்வேன் வாடகைக்கு எடுத்தேன். சாவி கொடுத்தவர் தண்ணீர்க் குழாயைப் பற்றி ஏதோ விளக்கினார். நான் படுக்கை எப்படி விரிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தெகாபோ ஏரிக்கரையில் முதல் இரவு. மேகமே இல்லை, வானம் முழுக்க நட்சத்திரம். மேகம் இல்லாவிட்டால் பகலில் தரை வாங்கிய சூடு தங்காமல் மேலே போய்விடும் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. வண்டியின் தண்ணீர்த் தொட்டியை விளிம்புவரை நிரப்பினேன். வெளிக்குழாயில் மாட்டிய ஹோஸையும் கழற்றவில்லை, காலையில் தேவைப்படுமே! டீசல் செலவை நினைத்து நள்ளிரவில் ஹீட்டரையும் அணைத்தேன். கஞ்சத்தனம்தான், வேறென்ன.

விடிந்ததும் பைப்பைத் திறந்தால் பம்பு 'டர்ர்' என்று உறுமியதே தவிர ஒரு சொட்டு இல்லை. வெளியே ஹோஸ் கரும்புக் கழிபோல விறைத்துக் கிடந்தது. தூக்கினால் முழு நீளமும் வளையாமல் எழுந்தது. வெயில் ஏறினால் சரியாகிவிடும் என்று மைலோ கலக்கக்கூட வழியில்லாமல் உட்கார்ந்திருந்தோம். பத்து மணிக்கு மனைவி, "என்னங்க, காலெல்லாம் ஈரமா இருக்கு" என்றாள். சிங்க்கின் கீழ் அலமாரியில் ஓர் இணைப்பு முடியிழை அளவுக்குக் கீறியிருந்தது. பனி உருகியதும் நீர் அதன் வழியே இறங்கி அரிசிப் பையை நனைத்துவிட்டது.

பக்கத்து வண்டிப் பெரியவர்தான் பம்பை அணைத்துவிட்டு விளக்கினார். தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 விழுக்காடு விரியும். குழாயை உடைப்பது பெரும்பாலும் பனிக்கட்டி நேராக அல்ல. கட்டிக்கும் மூடிய பைப்புக்கும் நடுவே சிக்கிய தண்ணீரின் அழுத்தம். அதனால் ராத்திரி பம்பை அணைத்து, பைப்புகளைத் திறந்துவைத்து, தொட்டியையும் வெந்நீர்க் கலனையும் காலி செய்ய வேண்டும். ஹோஸைக் கழற்றி உதறிச் சுருட்ட வேண்டும். ஹீட்டர் ஓடும்போது சிங்க் அலமாரிக் கதவு திறந்திருந்தால் உள்சூடு குழாயைத் தொடும். உறைவுத்தடுப்பு திரவம் ஊற்றுவதானால் குடிநீர்க் குழாய்க்கென்றே விற்கும் புரோப்பிலீன் கிளைக்கால் வகை மட்டும். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு.

அன்று மாலை, இணைப்பை மாற்றிய பிறகு, தொட்டி வால்வைத் திறந்துவிட்டு நின்றேன். நல்ல தண்ணீர் வடிகாலில் ஓடுவதைப் பார்க்க வயிறு எரிந்தது. காலைத் தேநீருக்கு ஒரு பானை மட்டும் பிடித்துப் படுக்கையருகே வைத்தேன்.

கிள்ளானுக்கு அழைத்து அம்மாவிடம் சொன்னேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "முழுத் தொட்டியையுமா கொட்டிட்டே? ஒரு வாளியாச்சும் பிடிச்சு வச்சியாடா?" என்றார்.