உப்பு லாரி போல்ட்டு

போன இதழில் எல்லாரும் மழை, நிலா, அம்மா என்று எழுதியிருந்தீர்கள். நான் ஒரு போல்ட்டைப் பற்றி எழுதப் போறேன். சிரிக்காம படிங்க.

எங்க அப்பா லாரிக்குப் பட்டை வேலை பார்ப்பவர். பட்டை என்றால், லாரிக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வில் மாதிரி வளைஞ்சிருக்குமே, அந்த ஸ்பிரிங்தான். எங்க பட்டறைக்குத் தூத்துக்குடி உப்பள லாரிகள் நிறைய வரும். உப்புத் தண்ணி சொட்டிச் சொட்டி அடியெல்லாம் துரு. இரும்பு துருவானால் முன்னே இருந்ததைவிட அதிக இடத்தை அடைக்கும். மரைக்குள்ளே துரு ஏறினால் நட்டும் போல்ட்டும் ஒரே இரும்பு மாதிரி இறுகிடும்.

போன மாசம் ஒரு லாரி மெயின் பட்டை உடைஞ்சு வந்தது. டிரைவர் மாமாவுக்கு அது ஒண்ணுதான் சொந்த லாரி. தவணை வேற பாக்கி. "ராத்திரி லோடு ஏத்தணும் அண்ணாச்சி" என்று நின்ற இடத்தில் நிற்காமல் நடந்தார். பட்டையைக் கழற்ற, பின்னைப் பூட்டியிருக்கிற போல்ட்டு வரணும். அது அசையவே இல்லை.

அப்பா ஜாக்கியை மட்டும் நம்ப மாட்டார். சேஸுக்கு அடியில் கட்டை வைத்த பிறகுதான் உள்ளே போவார். கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, டீசல் ஊற்றி ஊறவிட்டு, நட்டின் பக்கவாட்டில் சுத்தியலால் தட்டினார். ஸ்பேனரில் பைப்பைச் சொருகினார். 1 அடி கைப்பிடி 3 அடி ஆனால் திருப்புத்திறன் 3 மடங்கு. ஆனா பைப் வைத்து ரொம்ப அழுத்தினால் போல்ட்டு உள்ளேயே முறியும். மாவு மாதிரி இளகுதுன்னு கையில் பட்டால் நிறுத்திடணுமாம்.

"கேஸ் வச்சு வெட்டிப் போடுங்க அண்ணாச்சி" என்றார் மாமா. அப்பா ஒத்துக்கலை. "மத்த பட்டை நல்லா இருக்கு. சூடு பட்டா டெம்பர் போயிரும். அப்புறம் லோடு தாங்காது" என்றார். ஈரச் சாக்கால் பட்டையை மூடி, நட்டை மட்டும் சிவக்கக் காய்ச்சினார். நான் டார்ச் பிடித்தேன். (பொம்பளப் பிள்ளைக்குப் பட்டறையில் என்ன வேலைன்னு கேட்பவர்கள் டார்ச் பிடித்துப் பார்க்கட்டும். கை கடுக்கும்.)

சூட்டில் நட்டு விரிஞ்சா ஓட்டை சுருங்காதான்னு எனக்குச் சந்தேகம். மறுநாள் டீச்சரிடம் கேட்டேன். ஓட்டையும் சேர்ந்துதான் விரியுமாம். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டத்தைக் காய்ச்சி மாட்டுவதும் அதனால்தான்.

அப்பா முதலில் இறுக்குகிற பக்கம் லேசாக முடுக்கினார். அப்புறம் எதிர்ப்பக்கம். 'கிரீச்'! கதவு திறக்கிற மாதிரி ஒரு சத்தம். அரைச் சுற்று கழற்றி, கால் சுற்று திருப்பி, டீசல் விட்டு, மறுபடியும் அரைச் சுற்று. நாலு மணிக்கு வெளியே வந்தது. மாமா பேசவே இல்லை, அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டார். புதுப் பட்டை, புதுப் போல்ட்டு, கிரீஸ் எல்லாம் போட்டு ஏழு மணிக்கு லாரி கிளம்பிடுச்சு.

அந்தப் பழைய போல்ட்டு என்கிட்ட இருக்கு. ஜாமெட்ரி பாக்ஸில் அடங்காது. பார்க்கணும்னா சொல்லுங்க, மதியம் கொண்டு வரேன்.

— ஒரு மாணவி, 9-ஆம் வகுப்பு