அவலாஞ்சியின் குளிர்நீர் மீன்

பாலவாக்கம் கடற்கரையில் பங்குனியிலேயே மணல் காலைச் சுடும். அந்த ஊர்த் தொட்டித் தண்ணீரில் ட்ரவுட் மீன் பிழைக்காது. அதைப் பார்க்க நீலகிரி ஏற வேண்டும். ஊட்டியை அடுத்த அவலாஞ்சியில் 1907-ல் எச்.சி. வில்சன் இதற்கான குஞ்சு பொரிப்பகத்தை அமைத்தார்.

ட்ரவுட்டுக்கு 10 முதல் 18 டிகிரி வரை குளிர்ந்த, தெளிந்த, ஓடுகிற நீர் ஏற்றது. சிறு மீன்களையும் அது விரட்டிப் பிடித்துத் தின்னும். அதனால் தூண்டில்காரர்கள் முள்ளில் இறகும் மயிரும் கட்டி, மீன்குஞ்சு நீந்துவதுபோல் ஓட்டத்தில் விட்டு விட்டு இழுப்பார்கள். இதற்கு 'ஸ்ட்ரீமர்' என்று பெயர்.

தண்ணீர் சூடேறினால் அதிலுள்ள ஆக்சிஜன் குறையும். முதலில் திணறுவது ட்ரவுட்தான். சோலையும் புல்வெளியும் இருந்தால்தான் ஓடை குளிரும், கோடையிலும் வற்றாது. அந்த நீர்தான் குந்தா ஆறு வழியாகப் பவானிக்கு இறங்கி, கீழே வயலுக்குப் பாய்கிறது.