ஏரிக்கு மேலே ஓர் ஊர்

சண்டிகாரில் வாழும் நம்மவர்க்குச் சுக்னா ஏரியைப் பற்றிச் சொல்லப் புகுவது கொல்லத் தெருவில் ஊசி விற்பதாகும். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் அங்கேதானே அழைத்துச் செல்கிறோம்! சென்ற மழைக்காலத்தில் என் மூத்த மகன், "அப்பா, தண்ணீர் ஏன் தேநீர் நிறமாக இருக்கிறது?" என்று வினவினான். மலையிலிருந்து வரும் மண் என்றேன். "எந்த மலை?" என்றான். சரக்குச் சீட்டுகளோடு காலங்கழிக்கும் இரயில்வே குமாஸ்தா இதற்கு என்ன விடை கூறுவேன்? அவ்வினாவே ஒரு ஞாயிறன்று என்னைக் கால்கா வண்டியில் ஏற்றிற்று.

மழைக்காலத்தில் மட்டும் ஓடும் சுக்னா சோ என்னும் காட்டாற்றைத் தடுத்து 1958-ஆம் ஆண்டில் இவ்வேரியை அமைத்தனர். சிவாலிக் குன்றுகள் நம் பக்கத்துக் கருங்கல் மலைகளைப் போன்றவை அல்ல. மணலும் கூழாங்கல்லும் களிமண்ணும் கலந்த மெல்லிய மலைகள். மரத்தை வெட்டி ஆட்டையும் மேயவிட்டால் மழை அவற்றைக் கரைத்துவிடும். அவ்வாறே கரைந்தது. இருபது ஆண்டுகள் நிறையுமுன்னரே ஏரியின் கொள்ளளவில் பெரும்பகுதியை வண்டல் விழுங்கிற்று. நீர்ப்பிடிப்பில் 25 சதுர கிலோமீட்டருக்கு மேல் நிலம் எடுத்து மரம் நட்டனர். நகரமக்கள் திரண்டு மண்வெட்டியும் கூடையுமாக வண்டலை அள்ளியதும் உண்டு.

வண்டல் பிறக்கும் இடத்தைத் தேடிச் சென்ற மண்வளப் பாதுகாப்பு ஆய்வு நிலையத்தார், பி. ஆர். மிஸ்ரா அவர்களின் தலைமையில், 1970-களில் பிஞ்சூரை அடுத்த சுக்கோமாஜ்ரி என்னும் சிற்றூரை அடைந்தனர். கால்காவில் இறங்கிப் பேருந்து ஏறி நானும் அவ்வூரையே அடைந்தேன்.

சரிவில் குழி வெட்டி, ஓடைகளில் கல்லடுக்கி, கன்று நடுவதே அவர்கள் முதலில் வகுத்த திட்டம். ஆடுகளுக்குத் திட்டம் தெரியுமா? நட்டதைத் தின்றன. வயிற்றுக்கு வழியில்லாத குடியானவன் ஏரிக்கரைச் செல்வர்களின் படகுக்காகத் தன் ஆட்டைக் கட்டிப்போடுவானா? பின்னர், மண்ணரிப்பைத் தடுக்க 1976-இல் எழுப்பிய சிறு மண்ணணையில் தேங்கிய நீர் வாடிய கோதுமையைக் காத்தது. அதன்பின்னரே வழி திறந்தது. மலையில் மேய்ப்பதை நிறுத்துக. அணைநீரில் வீட்டுக்கு வீடு சமபங்கு, நிலமற்றவனுக்கும் உண்டு என்பதே உடன்பாடு. கயிறும் காகிதமும் ஆகும் பப்பர்ப் புல் செழித்துப் பணமும் தந்தது.

அணைக்கரையில் அமர்ந்திருந்த முதியவரொருவர் இந்தியில் கூறினார்: "பாபுஜி, மலை சர்க்காருடையது, தண்ணீர் எங்களுடையது. தண்ணீருக்காகத்தான் மலையைக் காத்தோம்." சற்றுப் பொறுத்து அணையின் உட்புறத்தைச் சுட்டினார். அங்கும் வண்டல் மேடிட்டிருந்தது. "இப்போது பையன்கள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். யார் அள்ளுவார்?" எனக்கு என் ஊர் ஏரி நினைவுக்கு வந்தது. குடிமராமத்தைக் கைவிட்டு வேலை தேடி வடக்கே வந்த பையன்களில் நானும் ஒருவனன்றோ?

காவலும் பராமரிப்பும் யார் பொறுப்பு என்று எழுதாத திட்டத்தைத் திட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அளவும் வேண்டும். சுக்னாவின் நீர்ப்பிடிப்பில் நூற்றுக்கு மேற்பட்ட தடுப்பணைகளைக் கட்டியபின் மண்ணோடு நீரும் மேலேயே நின்றுவிடுகிறது என்று குறை கூறுவோர் உளர். மழை பொய்த்த ஆண்டுகளில் ஏரியின் படுகை வெளியே தெரிந்ததை நாமே கண்டோம். மாறாக, 2023 ஜூலையில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியபோது நீர்மட்டம் 1163 அடியைக் கடக்க, மதகுகளைத் திறந்துவிட நேர்ந்தது. வண்டலுக்குக் கொடுத்த இடமெல்லாம் வெள்ளத்துக்கு இல்லாமற் போகும் இடமே.

மாலை வண்டியில் திரும்பினேன். செருப்பில் ஒட்டிய செம்மண்ணைப் பார்த்த மகன், "இதுதானா அந்த மலை?" என்றான். அடுத்த விடுமுறையில் அவனையும் அழைத்துச் செல்ல இருக்கிறேன். சங்கத்து அன்பர்கள் சேர்ந்துவரின் மகிழ்ச்சி.