தலைவலிதானே!

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பது நாம் அனைவரும் அறிந்த பழமொழி. பிறர் துன்பத்தை எளிதாக எண்ணுவோரை நோக்கி நம் முன்னோர் கூறிய அறிவுரை அது. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் பயிற்றுவித்த நான், என் வாழ்வில் கண்டது வேறு. தலைவலி தனக்கே வந்தாலும் நாம் அதை அறிந்துகொள்வதில்லை. "தலைவலிதானே" என்று கூறிக் கடந்துவிடுகிறோம். ஏகாரத்துக்கு நன்னூலார் ஆறு பொருள் உரைத்தார். நம் இல்லங்களில் அதற்கு ஏழாவது பொருள் ஒன்றும் வழங்குகிறது, அதுதான் அலட்சியம். அந்த ஓர் ஏகாரத்துக்கு என் குடும்பம் கொடுத்த விலையை இம்மலரைப் படிக்கும் மாணவச் செல்வங்களும் பெரியோர்களும் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

உவமை என்று எண்ணினேன்

1994ஆம் ஆண்டின் மழைக்காலம். எங்கள் கடற்கரை ஊரில் மாலையிலிருந்தே மின்சாரம் இல்லை. அரிக்கேன் விளக்கின் மங்கிய ஒளியில் நான் மறுநாள் வகுப்புக்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அறுபது வயதைக் கடந்திருந்த என் உம்மா வலப்பக்கத் தலையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சாய்ந்திருந்தார்கள். இருமுறை வாந்தியும் எடுத்தார்கள். "பித்தத் தலைவலிதானே, விடிந்தால் சரியாகிவிடும்" என்றேன். ராத்தா சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போட்டார்கள். கடையில் வாங்கிய மாத்திரை ஒன்றையும் கொடுத்தோம்.

அப்போது உம்மா விளக்கைப் பார்த்து, "தம்பி, வெளக்கச் சுத்தி வானவில்லு மாதிரித் தெரியுதுப்பா" என்றார்கள். பள்ளிக்கூடம் அதிகம் காணாத என் தாய் இவ்வளவு அழகாக உவமை கூறுகிறார்களே என்று நான் மனத்துக்குள் வியந்துகொண்டேன். மறுநாள் வகுப்பில் அதனை எடுத்துக்காட்டாகச் சொல்லவும் செய்தேன்.

அது உவமை அன்று, நோயின் அறிகுறி. மூன்றாம் நாள் கண் செக்கச் சிவந்து பார்வை மங்கிய பின்னரே மதுரைக்கு அழைத்துச் சென்றோம். கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் வழி திடீரென அடைபட்டு, கண்ணின் அழுத்தம் பன்மடங்கு உயர்ந்துவிட்டது என்றார் மருத்துவர். திடீரென வரும் கிளாக்கோமா என்னும் நோய் அது. மங்கிய வெளிச்சத்தில் கண்ணின் பாவை விரியும்போது, இயல்பிலேயே அவ்வழி குறுகியிருப்போருக்கு இது நேரலாம். கண்வலி, அதே பக்கத் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், விளக்கைச் சுற்றி வண்ண வளையம் ஆகியவை அதன் குறிகள். சில மணி நேரத்திற்குள் அழுத்தத்தைக் குறைத்தால் பெரும்பாலும் பார்வையைக் காக்கலாம். நாங்கள் மூன்று நாட்களைக் கழித்திருந்தோம். வலக்கண்ணின் பார்வை திரும்பவில்லை. இடக்கண்ணுக்கும் அந்த இடர் நேராதவாறு கருவிழிப் படலத்தில் லேசர் ஒளியால் நுண்துளை இட்டார்கள். அந்த ஒற்றைக் கண்ணின் துணையோடுதான் உம்மா எஞ்சிய காலத்தைக் கழித்தார்கள். ஒருநாளும் என்னைக் குறை கூறியதில்லை. அதுவே எனக்குப் பெருந்துன்பமாயிற்று.

வலிக்கும் மொழி உண்டு

அதன்பின் தலைவலியைப் பற்றி மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்துகொள்ளத் தலைப்பட்டேன். நான் முதலில் வியந்த செய்தி, மூளைக்கு வலி தெரியாது என்பது. மூளையைப் போர்த்திய உறைகளும், குருதிக் குழாய்களும், தலை கழுத்துத் தசைகளும், கண், மூக்கு, பல் முதலிய உறுப்புகளுமே வலியை உணர்கின்றன.

மருத்துவ நூலார் தலைவலியை இருபெரும் பிரிவாகக் காண்பர். தானே நோயாக நிற்பது ஒன்று. வேறொரு நோயின் அறிகுறியாக வருவது மற்றொன்று. நம்மில் பெரும்பாலோருக்கு வருவது முதல் வகையே. அது வாட்டுமேயன்றி உயிருக்கு ஊறு செய்யாது. பட்டை கட்டி இறுக்கியதுபோல் தலையின் இருபுறமும் அழுத்துவது இறுக்கத் தலைவலி. விண்விண் என்று தெறித்து, குமட்டலுடன், வெளிச்சமும் ஓசையும் பொறுக்காமல், இருட்டறையைத் தேடச் செய்வது மைக்ரேன். அது 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கலாம். பெண்களுக்கே மிகுதியாக வரும். ஒற்றைத் தலைவலி என்று அதனை அழைக்கிறோம். ஆனால் அது இருபக்கமும் வருவதுண்டு. சைனஸ் என்று பல ஆண்டுகள் மருந்துண்போர் பலருக்கு உண்மையில் இருப்பது மைக்ரேனே.

இவற்றைக் காட்டித் தரும் குருதிச் சோதனை இல்லை. ஸ்கேன் எடுத்தாலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. நோயாளி சொல்லும் சொல்லே மருத்துவருக்குச் சான்று. இடிக்கிறது, குத்துகிறது, தெறிக்கிறது, பிளக்கிறது, கனக்கிறது என எத்தனை வினைச்சொற்களை நம் மொழி வைத்திருக்கிறது! யாழ்ப்பாணத்தார் தலையிடி என்றே கூறுவர். இத்தனை சொற்கள் இருந்தும் மருத்துவர் முன் அமர்ந்தவுடன் "தலைவலிங்க" என்ற ஒரே சொல்லோடு நின்றுவிடுகிறோம்.

மருந்தே நோயான கதை

பட்டறிவு ஒருமுறை வாய்த்தும் எனக்குப் போதவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின், தேர்வுத்தாள் திருத்தும் நாட்களில் எனக்கும் தலைவலி தொடங்கிற்று. சட்டைப் பையில் மாத்திரை அட்டை இல்லாமல் வெளியே செல்லாத நிலை வந்தது. முதலில் வாரம் ஒன்று, பின்னர் நாளுக்கு ஒன்று, பின்னர் இரண்டு. காலையில் எழும்போதே தலைவலியும் உடன் எழுந்தது. மூளையில் கட்டியோ என்று அஞ்சி, அந்த அச்சத்தை வீட்டில் எவரிடமும் கூறாமல், திருச்சியில் நரம்பியல் மருத்துவர் ஒருவரைக் கண்டேன்.

அவர் முதலில் ஸ்கேன் எழுதித் தரவில்லை. "மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை சாப்பிடுகிறீர்கள், சார்?" என்று கேட்டார். கணக்கிட்டுப் பார்த்தபோது எனக்கே வெட்கமாயிற்று. அடிப்படையில் எனக்கு இருந்தது மைக்ரேன். அதை நாள்தோறும் வரும் வலியாக மாற்றியது நான் விழுங்கிய மாத்திரை. பாராசிட்டமால் போன்ற எளிய வலிநிவாரணிகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, பல மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரைகளை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேலாகத் தொடர்ந்து உண்போருக்கு அம்மாத்திரையே தலைவலியைத் தோற்றுவிக்கக்கூடும். மருத்துவர் மேற்பார்வையில் அவற்றை நிறுத்தினேன். முதல் இரண்டு வாரங்கள் வலி முன்னிலும் கொடியதாயிற்று. பிறகு மெல்லத் தணிந்தது. வலி வந்த நாள், நேரம், உண்ட உணவு, உறங்கிய நேரம் ஆகியவற்றை நாட்குறிப்பில் எழுதச் சொன்னார். கண் விழித்த இரவுகளும், காலை உணவைத் தவறவிட்ட நாட்களுமே என் எதிரிகள் என்பதை அந்நாட்குறிப்பு எனக்குக் கற்பித்தது.

நோன்பின் முதல் சில நாட்களில் பிற்பகலில் தலைவலி வருவது பலரும் கூறக் கேட்கிறோம். நாள்தோறும் பலமுறை அருந்திய தேநீரும் காபியும் திடீரென நின்றுபோவதும், நீர்க்குறைவும், உறக்கக் குறைவும் அதற்குக் காரணமாகலாம். நோன்பு மாதம் பிறப்பதற்கு முன்பே தேநீரைச் சிறிது சிறிதாகக் குறைத்து வந்தால் இத்துன்பம் பெரிதும் தணியும்.

காலம் தாழ்த்தலாகாத குறிகள்

எல்லாத் தலைவலிக்கும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் சில குறிகளைக் கண்டால் ஒரு நாழிகையும் தாமதிக்கலாகாது. இடி விழுந்ததுபோல் ஒரு நிமிடத்திற்குள் உச்சத்தை எட்டும் கடும்வலி, மூளையைச் சுற்றிக் குருதி கசிவதைக் குறிக்கலாம். காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த வலி மூளை உறைக் காய்ச்சலாகலாம். கை கால் தளர்தல், வாய் கோணல், பேச்சுக் குளறல், மயக்கம், வலிப்பு, பார்வை இழப்பு ஆகியவற்றோடு வரும் வலியும், உம்மாவுக்கு வந்ததுபோல் சிவந்த கண்ணோடு வரும் வலியும் அவ்வாறே. இவற்றுக்குக் கைவைத்தியம் செய்துகொண்டிராமல், 108 ஊர்தியை அழைத்தேனும் உடனே மருத்துவமனையை அடைய வேண்டும். கருவுற்ற பெண்களுக்கும் மகப்பேறு முடிந்த சில வாரங்களில் உள்ளோருக்கும் வரும் கடுந்தலைவலியை "பச்சை உடம்புதானே" என்று விட்டுவிடலாகாது.

முதியோர் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டால், அன்று ஒன்றும் இல்லாமல் சில வாரங்கள் கழித்துத் தலைவலி தொடங்குவதுண்டு. உள்ளே மெல்லக் கசிந்த குருதி அதற்குக் காரணமாகலாம். ஐம்பது வயதுக்கு மேல் முதன்முதலாக வரும் தலைவலி, இருமும்போதும் குனியும்போதும் மிகும் வலி, காலை வாந்தியோடு நாளுக்கு நாள் வளரும் வலி ஆகியவற்றையும் விரைந்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். இக்குறிகள் எவையும் இல்லாவிடினும், வாரத்தில் இரண்டு நாட்களுக்கு மேல் மாத்திரை தேவைப்பட்டாலும், படிப்போ பணியோ தடைப்பட்டாலும், பழகிய வலி தன் இயல்பு மாறினாலும் மருத்துவரைக் காண்பதே முறை.

அன்பார்ந்த மாணவச் செல்வங்களே! உங்கள் வீட்டில் தாயோ பாட்டியோ தலையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தால், தைலத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அருகில் அமர்ந்து, எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கிற்று, கண் தெளிவாகத் தெரிகிறதா என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் சொல் எவ்வளவு எளியதாயினும் அதனைச் செவிமடுத்து அப்படியே மருத்துவரிடம் கொண்டு சேருங்கள். வானவில் தெரிகிறது என்று அவர்கள் கூறினால், அதன் அழகை வியந்துகொண்டிராமல் எழுந்து புறப்படுங்கள். அன்று நான் புறப்படவில்லை.