வாப்பா ஏறிய பேருந்து

வாப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன்பு அவர் ஜும்ஆவுக்கு எப்போதும் சென்னை மாநகரப் பேருந்தில்தான் சென்றுவருவார். சக்கர நாற்காலிக்கு மாறிய பின் ஒரேயொரு முறை முயன்றோம். நானும் வழிப்போக்கர் இருவரும் அவரைத் தூக்கிப் படியேற்றினோம். நாற்காலி சாலையிலேயே கிடந்தது. "ஆட்டோவில் போகக் கூடாதா?" என்றது உள்ளிருந்து ஒரு குரல். வாப்பா ஒன்றும் பேசவில்லை. அடுத்த வெள்ளியன்று, "நோயாளிக்குச் சலுகை இருக்கிறது. வீட்டிலேயே ளுஹர் தொழுதுகொள்கிறேன்" என்றார். மார்க்கம் தந்த சலுகைதான். ஆனால் அவரை அதை எடுக்க வைத்தது அந்தப் பேருந்தின் படி.

பொதுப் போக்குவரத்தை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அமைக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஆயினும், அவர்கள் உயர் நீதிமன்றம்வரை வழக்காட வேண்டியிருந்தது. 2024 ஆகஸ்டில் சென்னையில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. சாதாரணப் பேருந்தின் தளம் தரையிலிருந்து ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் உயரம், இவற்றில் 400தான்.

அவற்றில் ஒன்றுக்காக ஒரு வெள்ளியன்று காத்திருந்தோம். இரண்டு சாதாரணப் பேருந்துகளை விட்டுவிட்டோம். மூன்றாவது வந்து நின்று, கதவுப் பக்கமாக மெல்லத் தாழ்ந்தது. நடத்துநர் இறங்கிச் சாய்தளத்தை விரித்தார். நாற்காலியோடு உள்ளே போன வாப்பா, சட்டைப்பையைத் துழாவி அவரே பணத்தை நீட்டினார். "இரண்டு டிக்கெட்." பிறகு என் பக்கம் திரும்பி, "பார்த்தாயா, பஸ்ஸே ருகூஃ செய்கிறது!" என்று சிரித்தார். அல்ஹம்துலில்லாஹ், அந்தச் சிரிப்பைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

இறங்கும்போதுதான் சிக்கல். பள்ளிவாசல் நிறுத்தத்தை அடைத்துக்கொண்டு இருசக்கர வாகனங்கள் நின்றன. பேருந்து நடைமேடையை ஒட்டி வர முடியவில்லை. நடுச்சாலையில் சாய்தளத்தை இறக்கியதால் அது செங்குத்தாகச் சரிந்தது. ஒருவர் பின்னால் வரும் வண்டிகளைக் கைகாட்டி நிறுத்த, நான் நாற்காலியைப் பின்புறமாக இறக்கினேன். வாப்பா என் மணிக்கட்டை இறுகப் பற்றியிருந்தார்.

அந்த வண்டிகள் எல்லாம் தொழ வந்தவர்களுடையவை. நான்கு ஆண்டுகளாக என் வண்டியும் வெள்ளிதோறும் அங்கேதான் நின்றது. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று எத்தனை பயான்களில் கேட்டிருப்பேன்! கல்லும் முள்ளும்தான் நினைவுக்கு வந்தனவே தவிர, என் வண்டி வந்ததில்லை.

பள்ளிவாசல் நிர்வாகியிடம் சொன்னேன். இப்போது ஜும்ஆவுக்கு முன் அறிவிப்புச் செய்கிறார்கள். சென்ற வெள்ளி எண்ணிப் பார்த்தேன். இன்னும் ஐந்து வண்டிகள் நின்றன.